பழைய குற்றாலத்துக்குப் போகச் சொன்ன வாய்

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் நமசிவாயத்தின் போனுக்கு ஓய்வு கிடையாது. தென்காசியிலிருந்து கூப்பிடுவார்கள், கடையநல்லூரிலிருந்து கூப்பிடுவார்கள், என்றைக்கோ ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போன தூத்துக்குடிக்காரன்கூடக் கூப்பிடுவான். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, தண்ணி விழுதா?"

மெயின் அருவிக்குப் போகிற ரோட்டில் அவருடைய கடை. துண்டு, டவுசர், சீயக்காய்த்தூள், பாக்கெட் ஷாம்பு, மாற்றுத்துணி எடுக்க மறந்து வந்த பிள்ளைகளுக்கு ஜட்டி, இப்படி அருவிக்கு வருகிறவனுக்கு வேண்டியது எல்லாம் தொங்கும். ஆனால் கல்லாவில் உட்கார்ந்தால் அருவி தெரியாது. நடுவில் ரெண்டு லாட்ஜும் ஒரு சிப்ஸ் கடையும் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. அதற்காக எழுந்து போய்ப் பார்க்கிற ஆளா அவர்? ஈரத்தலையோடு ஆட்கள் திரும்பிப் போனால் தண்ணீர் விழுகிறது, காய்ந்த தலையோடு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனால் விழவில்லை. இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த கணக்கு. போனில் மட்டும் இப்போதுதான் அருவிக்கரையிலிருந்து துவட்டிக்கொண்டு வந்தவர் மாதிரி, "சும்மா பளிங்கு மாதிரி விழுது, கிளம்பி வாங்க" என்பார். கடைசியாக எப்போது அருவியில் தலையைக் கொடுத்தார் என்று கேட்டால் அவருக்கே ஞாபகம் இருக்காது. குற்றாலத்துக்காரன் எவன் அருவியில் குளிக்கிறான்?

அருவி விஷயம் மட்டும் இல்லை, எல்லா விஷயத்திலும் மனுஷன் அப்படித்தான். வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

"முதல் பாதி தேவலை. ரெண்டாம் பாதி இழுவை. அந்தப் பயலுக்கு நடிப்பா வருது? தாடிதான் வருது."

"நீரு எப்பம்வே போய்ப் பாத்தீரு?" என்று ஏசுதாசன் கேட்பார். ஏசுதாசன் டூரிஸ்ட் வேன் வைத்திருப்பவர். சவாரி இல்லாத நேரமெல்லாம் நமசிவாயத்தின் கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"பாக்கணுமாக்கும்? டிரெய்லரைப் பாத்தா தெரியாதாவே?"

கிரிக்கெட் என்றால் பத்தாவது ஓவரிலேயே குறட்டை விட்டுவிட்டு, காலையில் வந்து கடைசி ஓவரை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லுவார். பேப்பரில் தலைப்பைத் தாண்டிக் கண் கீழே இறங்காது, ஆனால் எந்த மந்திரி எதற்காக அப்படிப் பேசினார் என்பது முழுக்கத் தெரியும். வானிலை அறிக்கை என்றால் சிரிப்பார். "கனமழைன்னு அவன் சொன்னாம்னா நான் துணி காயப் போடுவேன்" என்பார். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்துவிட்டு ஆணி அடிக்கிற மாதிரி ஒன்று சொல்லுவார். "நான் சொல்லுதேம்லா."

இதனால் யாருக்கும் ஒரு நட்டமும் வந்ததில்லை. படத்துக்குப் போகாமல் இருந்தவன் காசு மிச்சம் என்று இருந்தான். தோற்கும் என்று அவர் சொன்ன டீம் ஜெயித்தால், மறுநாள் அதற்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அப்படியே காலம் ஓடிப்போயிருக்கும். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று வந்து அந்த மனுஷனின் ஈரக்குலையைப் பிடித்து ஆட்டாமல் இருந்திருந்தால்.

அன்றைக்குக் காலையிலேயே அவருக்கு எரிச்சல். வெளியூர்க் கார் ஒன்று கடை வாசலை அடைத்து நிறுத்தியிருந்தது. எடுங்கள் என்றால், "ரோடு உங்களுதா?" என்று கேட்டுவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஆள் போய்விட்டான். துண்டும் அவன் ஊர்த் துண்டு. குரங்கு ஒன்று காரின் மேலே ஏறி உட்கார்ந்து யாரிடமோ பறித்த சிப்ஸைத் தின்றுகொண்டிருந்தது. நமசிவாயம் கார்க்காரனையும் குரங்கையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் போன் அடித்தது.

ஹஸீபா. கடையநல்லூர் மீராசாவின் மகள். மீராசா தறித் துண்டு நெய்து கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தவர். இருபது வருஷம் நமசிவாயத்தின் கடைத் துண்டெல்லாம் அவர் தறியில் பிறந்ததுதான். துண்டைக் கொடுத்துவிட்டு உடனே போக மாட்டார், எதிரே உட்கார்ந்து ஒரு டீ குடித்து, நமசிவாயத்தின் பேச்சை எல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அவர் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகும் பழக்கம் விடவில்லை. ஹஸீபாவின் மாப்பிள்ளை திவான் மைதீன் அரபு நாட்டில், தம்மாமில் வேலை பார்க்கிறான். இங்கே அவளும், ரெண்டு பிள்ளைகளும், மாமியாரும். வாப்பா கூப்பிட்ட மாதிரியே அவளும் இவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணாச்சி, தண்ணி விழுதா? பிள்ளைய ரெண்டும் ராத்திரியே சட்டையெல்லாம் எடுத்து வச்சிட்டு உயிரை வாங்குது."

"விழுது தாயி. ஆனா இங்கன வராத. ஊர்ல உள்ள காரெல்லாம் என் கடை வாசல்லதான் நிக்கி. கால் வைக்க இடமில்ல. பழைய குற்றாலத்துக்குப் போங்க. அங்கன ஈ காக்கா கிடையாது. பொம்பளையும் பிள்ளையுமா நிம்மதியாக் குளிக்கலாம்."

"மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு வாரதுபோல இருக்கே அண்ணாச்சி. எங்க மாடியில நின்னாலே தெரியுது."

"அது சாரல் மேகம்டி. ஒரு தூத்தல் போட்டுட்டுப் போயிரும். பழைய அருவியில தண்ணி இப்பம் பூப்போல விழும். பிள்ளையளைத் தாராளமா இறக்கி விடு. நான் சொல்லுதேம்லா."

பின்னாலே பிள்ளைகள் கத்துவது கேட்டது. சரி அண்ணாச்சி என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். இவரும் மறந்துவிட்டார், கார்க்காரன் திரும்பி வந்துவிட்டானா என்று எட்டிப் பார்க்கப் போய்விட்டார். பழைய குற்றாலத்துப் பக்கம் அவர் போய் ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மத்தியானம் நெருங்கும்போது வெளிச்சம் குறைந்தது. கடைக்காரர்கள் லைட்டைப் போட்டார்கள். திடீரென்று அருவிப் பக்கமிருந்து போலீஸ் விசில், ஒன்று மாற்றி ஒன்று. அதன் பின்னாலேயே ஜனம் வந்தது, பாதி சோப்பு நுரையோடு, நடுங்கிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு. தண்ணீர் கலங்கிவிட்டதாம், குளிக்கத் தடையாம்.

"ஒரு சொட்டு கூடுதலா விழுந்துட்டா போதும், உடனே விசிலை ஊதிருவானுவ" என்றார் நமசிவாயம். "சும்மா பந்தா. ரெண்டு மணிக்கெல்லாம் திறந்துவிட்டுருவான், பாத்துக்கிடும்."

ஏசுதாசன் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக அதை நமசிவாயத்தின் பக்கம் திருப்பினார்.

"பழைய குற்றாலம்வே. இப்பம் வந்துருக்கு. டிரைவர் குரூப்புல போட்டுருக்கான்."

படம் ஆடிக்கொண்டே இருந்தது. செம்மண்ணைக் கரைத்து ஊற்றின மாதிரி தண்ணீர். அருவி என்று ஒன்று தனியாகத் தெரியவில்லை, பாறை தெரியவில்லை, பிடித்துக்கொண்டு குளிக்கிற கம்பி தெரியவில்லை, படியெல்லாம் தண்ணீராக இருந்தது. ஒரு பெரிய மரம் வேரோடு உருண்டு வந்தது. படம் எடுத்தவன் ஓடியிருக்கிறான், ஓடிக்கொண்டே, "பிள்ளையத் தூக்கு, பிள்ளையத் தூக்கு" என்று யாரையோ கத்தியிருக்கிறான். அத்தோடு படம் நின்றுவிட்டது.

நமசிவாயம் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏசுதாசன் இன்னொரு தடவை படத்தைப் போட்டார். "பிள்ளையத் தூக்கு" என்று அது மறுபடியும் கத்தியது.

"ஏசுதாசா, அதை நிப்பாட்டும்" என்றார். "மீராசா மகளை நான் அங்கன போகச் சொல்லிருக்கேன்."

ஹஸீபாவைக் கூப்பிட்டார். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. மறுபடி மறுபடி கூப்பிட்டார். அதே குரல், அதே நிதானம். மாமியாரிடம் போன் கிடையாது. வீட்டில் வேறு யாரும் கிடையாது. துண்டு கேட்டு ரெண்டு மூன்று பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள், ஈரமாக, பல் கிட்டிக்கொண்டு. நல்ல வியாபார நேரம். அவருக்கு எந்தத் துண்டு எந்த அடுக்கில் இருக்கிறது என்றே மறந்துபோயிற்று.

அப்போது ஒரு வெளிநாட்டு நம்பர் அடித்தது. திவான் மைதீன்.

எடுக்கத்தான் வேண்டுமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். அந்த நினைப்பு வந்ததே அவருக்கு வெட்கமாக இருந்தது. எடுத்தார்.

"அண்ணாச்சி, ஒரு வீடியோ வந்துச்சு. ஹஸீபா போன் போகல. ராத்திரி பேசும்போது குத்தாலம் போறோம், எங்கன போறதுன்னு காலையில உங்ககிட்ட கேட்டுட்டுப் போவோம்னு சொன்னா. எங்கன போகச் சொன்னிய?"

நமசிவாயத்தின் வாய் இருக்கிறதே, அதற்கு ஐம்பது வருஷப் பழக்கம். இப்போதும் அது தன்பாட்டுக்கு வேலை செய்தது.

"பயப்படாத திவானு. ஒண்ணும் ஆகலய்யா. தண்ணி வாரதுக்கு முந்தியே எல்லாரையும் மேல ஏத்திட்டாங்க. எல்லாம் பத்திரமா இருக்காங்க. நான் சொல்லுதேம்லா."

"நீங்க பாத்தியளா அண்ணாச்சி?"

"ஆமாய்யா" என்றார் நமசிவாயம்.

போனை வைத்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை. இந்தக் கல்லாவை விட்டு எழுந்திருக்கவேயில்லை. காலையில் ஒன்று, இப்போது ஒன்று, ஒரே நாளில் அந்த வீட்டுக்கு ரெண்டு பொய். அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால், பத்திரமாக இருக்கிறார்கள் என்று தம்மாமில் ஒருத்தன் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பானே. நமசிவாயம் கடை ஷட்டரைக்கூட இறக்காமல் ரோட்டுக்கு வந்துவிட்டார்.

"வண்டியை எடும்வே" என்றார்.

ஏசுதாசன் வேனை எடுத்தார். குற்றாலத்திலிருந்து வெளியே போகிற வண்டியெல்லாம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஆயிரப்பேரிப் பக்கம் திரும்புகிற வரைக்கும் நமசிவாயம் டேஷ்போர்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. மழை நன்றாக இறங்கியிருந்தது. மலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் சாம்பல்தான் தெரிந்தது. ஏசுதாசன் இயேசுவே, இயேசுவே என்று உதட்டுக்குள் முணுமுணுத்தார். நமசிவாயத்துக்குக் கும்பிடக்கூட வரவில்லை. குற்றாலநாதரிடம் போய் என்னவென்று கேட்பது? தண்ணீரை அவர் விட்டார் என்றாலும் பிள்ளைகளை அனுப்பினது யார்?

போன் மறுபடி அடித்தது. திவான். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அதை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார், ஆனாலும் தொடையில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

பழைய குற்றாலத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள். நடந்து போனார்கள். நடக்கும்போதே சத்தம் கேட்டது. அருவிச் சத்தம் நமசிவாயத்துக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம், அது தூக்கத்தில்கூடக் கேட்கிற சத்தம். இது வேறு சத்தம். கீழே தரை அதிர்ந்தது. பாறை பாறையோடு மோதுகிற சத்தம் உள்ளுக்குள்ளே கேட்டது. ஈரமண் வாடையும் பச்சை மரம் முறிந்த வாடையும் மூக்கில் ஏறியது.

படிக்கு மேலே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் செருப்பும் பையுமாகக் குவிந்து கிடந்தது. தண்ணீர் வந்தபோது விட்டுவிட்டு ஓடினவர்களுடையது. கடைகளின் தகரத்துக்குக் கீழே ஆட்கள் ஒடுங்கி நின்றார்கள், சிலர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஈ காக்கா கிடையாது என்று அவர் சொன்ன இடம் இதுதான். ஊரே இங்கேதான் வந்திருந்த மாதிரி இருந்தது.

"ஹஸீபா" என்று கூப்பிட்டார். சத்தத்தில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை.

குவியலுக்குள் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. ரோஸ் கலர், மேலே பூப்போட்டது. ஹஸீபாவின் மகளுக்கு இந்த அளவுதான் இருக்கும். குனிந்து எடுத்தார். இது அவளுடையதா? பெருநாளைக்கு அந்தப் பிள்ளை கடைக்கு வந்து எதிரே நின்றதே, காலில் என்ன போட்டிருந்தது? பார்த்தால்தானே தெரியும். அன்றைக்கும் இவர் யாரிடமோ எதைப் பற்றியோ பேசிக்கொண்டுதானே இருந்தார். செருப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு பெண்பிள்ளை வந்து, "அது எங்க பாப்பாதுய்யா" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனாள். அவள் இடுப்பில் அந்தப் பாப்பா இருந்தது. நமசிவாயம் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் நாலைந்து ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாலு பேரு போயிட்டாங்களாம்."

"நாலா? பத்துக்குக் குறையாது. இந்தத் தண்ணிக்கு நிக்குமா?"

"பர்தா போட்ட ஒரு பொம்பளையும் ரெண்டு சின்னப் பிள்ளையும் அந்தப் பாறையில நின்னுக்கிட்டு இருந்துருக்காங்க. அப்படியே அடிச்சிட்டுப் போயிருச்சு."

நமசிவாயம் எழுந்தது அவருக்கே தெரியவில்லை. குடை பிடித்திருந்த அந்த ஆளின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"நீ பாத்தியா?"

"கையை எடும்வே. பாத்தவன் சொன்னான்."

"எவன் பாத்தான்? எங்கன நிக்கான்? காட்டு."

"இங்கனதான் நின்னான். போயிட்டான் போல. நடந்தது அதுதான், நான் சொல்லுதேம்லா."

நமசிவாயத்தின் கை தானாகக் கழன்றது. அந்த ஆளின் வேஷ்டி மடிப்புக் கலையாமல் இருந்தது, காலில் சேறு இல்லை. மனுஷன் இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருக்கிறான். ஆனால் என்ன தைரியமாகச் சொல்லுகிறான். இந்தக் குரல் அவருக்குத் தெரிந்த குரல்தான், தினமும் கல்லாவில் உட்கார்ந்து பேசுகிற குரல். இதற்கு இவ்வளவு பயங்கரம் உண்டு என்று எதிரே நின்று கேட்டபோதுதான் தெரிந்தது. பொய்யாகத்தான் இருக்கும் என்று புத்தி சொன்னது. ஒருவேளை உண்மையாக இருந்தால் என்று வயிறு சொன்னது. அந்தப் பாறையை அவர் பார்த்தார். பாறை என்று அவன் காட்டின இடத்தில் சுழித்துக்கொண்டு தண்ணீர்தான் ஓடியது.

ஏசுதாசன் ஒரு பெண் போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். மழைக்கோட்டுக்குள் முகம் மட்டும் தெரிந்தது, சின்ன வயசு.

"மேல ஏறினவங்க எல்லாரையும் மண்டபத்துல உட்கார வச்சிருக்கோம். அங்கன பாத்தியளா?"

மண்டபத்துக்கு ஓடினார்கள். ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தார் நமசிவாயம். அவர் வாழ்க்கையில் இத்தனை முகத்தை இப்படிப் பார்த்ததே கிடையாது. யார் யாரோ இருந்தார்கள். ஹஸீபா இல்லை. பிள்ளைகள் இல்லை. முழங்கால் வலிக்கிற அந்த வயசான மாமியார் இல்லை. அந்த அம்மாளால் ஓடியிருக்கவும் முடியாதே என்று நினைத்தார்.

"அவங்க இங்கன வந்தது உறுதிதானா?" என்று கேட்டாள் அந்தப் போலீஸ்காரப் பிள்ளை.

"நான்தாம்மா போகச் சொன்னேன்" என்றார் நமசிவாயம்.

போன் அதிர்ந்தது. திவான். இந்தத் தடவை எடுத்தார்.

"அண்ணாச்சி, பத்திரமா இருக்காங்கன்னா ஏன் போனைக் குடுக்க மாட்டேங்கிய? ஒரு தடவை உம்மாகிட்டயாவது குடுங்க. பிள்ளைய சத்தத்தையாவது கேட்டுக்கிடுதேன்."

வாய் திறந்தது. அதில் பழைய சொற்கள் தயாராகத்தான் இருந்தன. சார்ஜ் இல்லை, டவர் இல்லை, வண்டியில் ஏற்றி அனுப்பியாச்சு. எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அவன் இருக்கிறது கடலுக்கு அந்தப் பக்கம். நமசிவாயம் வாயை மூடி எச்சிலை விழுங்கினார்.

"திவானு, நான் பாக்கலய்யா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மேலே சொன்னார்.

"முதல்ல நீ கேட்டப்பம் நான் கடையில இருந்தேன். பாக்காமத்தான் சொன்னேன். காலையில பழைய குத்தாலத்துக்குப் போகச் சொன்னதும் நான்தான். அதையும் பாக்காமத்தான் சொன்னேன். இப்பம் இங்கன வந்து நிக்கேன். தேடிட்டேன். இங்கன இல்ல. எங்கன இருக்காங்கன்னு எனக்குத் தெரியலய்யா."

திவான் மைதீன் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தை மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பிறகு மூச்சு மட்டும் கேட்டது, பிறகு, "தேடுங்க அண்ணாச்சி. அங்கனயே நின்னு தேடுங்க" என்று சொன்னான். லைன் போய்விட்டது.

நமசிவாயம் மழையில் நின்றார். துடைத்துக்கொள்ளக் கையில் ஒரு துண்டுகூட இல்லை. மீராசாவை நினைத்தார். எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டு, இவர் சொல்லுவதற்கெல்லாம் ஆமா அண்ணாச்சி, ஆமா அண்ணாச்சி என்று தலையாட்டின மனுஷன். அவர் பேரப்பிள்ளைகளை இவர் வாய் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிட்டதே. ஏசுதாசன் தோளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். உட்கார மாட்டேன் என்றார், தேடணும் என்றார், ஆனால் கால் நகரவில்லை.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் ஆயிற்றோ. தண்ணீரின் ஆவேசம் கொஞ்சம் அடங்கி, படியின் மேல் வரிசை ஒன்று வெளியே தெரிய ஆரம்பித்தபோது போன் அடித்தது. திவானாகத்தான் இருக்கும் என்று பார்க்காமல் காதில் வைத்தார்.

"அண்ணாச்சி, எதுக்கு இத்தனை தடவை கூப்பிட்டிருக்கிய? யாருக்கு என்ன?"

ஹஸீபாவின் குரல். "தாயி" என்றார். "நீ எங்கன இருக்க? பிள்ளைய எங்கன? பக்கத்துல இருக்கா? நீ கண்ணால பாத்துச் சொல்லு."

"இந்தா இருக்கு, தின்னுக்கிட்டு. சுந்தரபாண்டியபுரத்துல இருக்கோம். சூரியகாந்தி பூத்துருக்குன்னு ரெண்டும் ஒத்தக்கால்ல நின்னுச்சு, அங்கன வந்துட்டோம். பூவை வீடியோ எடுத்து எடுத்துச் சார்ஜைத் தீத்துட்டுதுவ. இப்பம்தான் ஒரு கடையில போட்டேன். என்ன அண்ணாச்சி, அழுதியளா?"

"நான் கிடக்கட்டும். முதல்ல போனை வச்சிட்டுத் திவானைக் கூப்பிடு. இந்த நிமிஷமே கூப்பிடு. பிள்ளையளைப் பேச விடு. பிறகு எனக்குப் பேசு."

வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த கல்தூணைக் கட்டிக்கொண்டார். ஏசுதாசனிடம் கிடைச்சிட்டாங்க என்று சொல்ல நினைத்தார், தலையை மட்டும் ஆட்டினார். ஏசுதாசன் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தப் பெண் போலீஸ் தூரத்திலிருந்து கையைக் காட்டி என்ன என்று கேட்டாள். குளிக்க வந்தவர்களில் ஒருத்தரும் குறையவில்லை, போனது செருப்பும் பையும்தான் என்று அவளே வந்து சொன்னாள். அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்ன குடைக்காரனைக் காணவில்லை.

ஹஸீபா திரும்பக் கூப்பிட்டபோது அவள் குரலும் மாறியிருந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டிருக்கிறாள்.

"நல்லவேளை தாயி, பிள்ளைய பூ பாக்கணும்னு கேட்டுச்சு" என்றார் நமசிவாயம்.

"அதுக்காக மட்டும் இல்ல அண்ணாச்சி." அவள் தயங்கினாள். "நீங்க சொல்லி வச்ச பிறகு, ஆயிரப்பேரியில என்கூடப் படிச்ச உலகம்மை இருக்கால்லா, அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டேன். மலை கருகருன்னு கிடக்கு, இன்னைக்கு இந்தப் பக்கமே வராதட்டின்னா. அதான் போகல."

"நான்தான் சொன்னேம்லா, பிறகு எதுக்கு அவகிட்ட கேட்ட?"

இதைக் கோபமாக அவர் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தப்பா எடுத்துக்கிடக் கூடாது. வாப்பா இருக்கும்போதே எங்ககிட்ட சொல்லிருக்காங்க. நமசிவாயம் தங்கமான மனுசன், துண்டு நல்லதா கெட்டதான்னு அவர்கிட்ட கேளுங்க, மத்தது எதைச் சொன்னாலும் இன்னொரு ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்கன்னு. எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான் அண்ணாச்சி."

இருபது வருஷம். இருபது வருஷமும் மீராசா தலையாட்டியிருக்கிறார். முகத்தில் ஒரு தடவைகூடக் காட்டினதில்லை. டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வைத்திருக்கிறார். நமசிவாயத்துக்குக் காது மடல் சுட்டது, அவமானம் தாங்கவில்லை. அதே நேரத்தில் மீராசா இப்போது எதிரே இருந்தால் காலில் விழுந்திருப்பார். ரெண்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்து, ஊர் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதார்.

"கோவமா அண்ணாச்சி?"

"இல்ல தாயி" என்றார். "உங்க வாப்பா சொன்னதை உன் பிள்ளையளுக்கும் சொல்லி வை."